தண்ணீர்த்தொட்டி முக்கு

மார்ச் 10, ஞாயிறு

சமயபுரத்தில் இன்று பூச்சொரிதல். அம்மாளுக்கு இன்றிலிருந்து பச்சைப் பட்டினி. ஜனங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அவளே வயிற்றைக் காயப் போட்டுக்கொள்கிறாள். படையல் துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும்தான். பங்குனிக் கடைசி ஞாயிறு வரை நானும் அடுப்பில் ஏறியதைத் தொடுவதில்லை. இவருக்கு மட்டும் சமையல்.

வேப்பிலை காசியம்மாள் கொண்டுவந்தாள். ஃபேக்டரி யார்டில் சிந்திக் கிடக்கிற சிமெண்டைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. எத்தனை குளித்தாலும் இமைமயிர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. "எனக்கும் சேத்துப் பட்டினி கெடங்கக்கா. நான் வெறும் வயித்தோட தொடப்பத்தப் புடிச்சா அங்கயே சாஞ்சிருவேன்" என்று சிரித்தாள். மகள் இலக்கியா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது.

இவர் லேப்டாப்பை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மார்ச் மாதம் சிமெண்ட் அனுப்புகிற பிரிவில் ஒரு ஆளாவது நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. லாரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் நிற்கிறதாம்.

மார்ச் 13, புதன்

அரிசி ஊறப்போட்டேன். மோட்டார் மறுபடி தகராறு.

விளக்கேற்றிவிட்டு இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் யார்டு முழுவதும் மேலிருந்து பார்க்கிற மாதிரி தெரிகிறது. லாரியெல்லாம் சின்னச் சின்னப் பெட்டி. ஆட்கள் புள்ளி. கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு அதுவே நடமாடினால் எப்படி இருக்கும், அப்படி.

"இதுக்குப் பேரு சிமுலேஷன்" என்றார். "நெசத்துல ஒரு மாசம் நடக்கிறது இதுல டீ ஆறுறதுக்குள்ள ஓடிடும். எந்த லாரி எப்ப வருது, டிரைவர் எவ்வளவு நேரம் படுத்திருக்கான், எல்லாத்துக்கும் சோழி உருட்டுற மாதிரி கம்ப்யூட்டரே உருட்டிக்கும். ஒரு தடவை இல்ல, ஆயிரம் தடவை. எங்க தேங்குது, எங்க முட்டுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிரும்."

"ஜோசியந்தானே?"

"ஜோசியக்காரன் பேரு சொல்லுவான். இது சொல்லாது."

இப்போது லாரிகள் ஒரே வரிசையாகப் பின்பக்கமாக வந்து மூட்டை ஏற்றுகின்றன. இரண்டு வரிசையாக விட்டால் மெயின் ரோட்டுக் கூட்டம் கலைந்துவிடுமாம். இவர் அப்படி மாற்றிக் காட்டினார். பெட்டிகள் மளமளவென்று நகர்ந்தன. எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு மூலை மட்டும் சிவப்பாகிக்கொண்டே வந்தது. அதுதான் தண்ணீர்த்தொட்டி முக்கு. தண்ணீருக்கும் கேண்டீனுக்கும் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தாண்ட வேண்டும்.

அந்த மூலையில் ஒரு புள்ளி நகராமல் நின்றது. மற்றதெல்லாம் ஓடுகிறது, அது மட்டும் நிற்கிறது.

"அது கொடி ஆள். லாரிக்கும் நடக்கிறவங்களுக்கும் மாத்தி மாத்திக் கொடி காட்டுறவன். அவன் நிக்கிறதாலதான் இவ்வளவோட இருக்கு."

"அப்ப அது பழனியாண்டி."

"ஆமா" என்று சிரித்தார். "உன் தம்பிதான்."

மார்ச் 15, வெள்ளி

இவரிடம் கேட்டே விட்டேன். சிவப்பு என்றால் என்ன அர்த்தம்?

முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். இரண்டு வரிசையாக விட்டால், கொடி ஆளும் நின்றால், அந்த முக்கில் சராசரியாக எட்டு வருஷத்துக்கு ஒரு உயிர். ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு என்று மேலே கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

"யாரு அந்த ஒருத்தர்?"

"யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும் மங்கை. புள்ளிதானே."

என் கணக்கு நோட்டில் எப்போதாவது வருகிற செலவுக்கென்று ஒரு பக்கம் தனியாக வைத்திருப்பேன். கூரை ஒழுகுவது, ஆஸ்பத்திரி, பெரிய காரியம். என்றைக்கு என்று தெரியாது, ஆனால் வரும். இதுவும் அந்த மாதிரிப் பக்கம் என்று புரிந்தது. யார் வீட்டு நோட்டில் எழுதப்போகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

முக்கில் எந்நேரமும் நிற்கிறவன் ஒருத்தன்தான். பழனியாண்டிக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள்.

மார்ச் 17, ஞாயிறு

பூஜை சாமான் தேய்த்தேன்.

இவர் நல்ல மனநிலையில் இருந்தார். அந்தக் கொடி ஆளை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன். எதற்கு என்றார். சும்மாதான் என்றேன். புள்ளியை அழித்துவிட்டு ஓட விட்டார். மூலை முழுக்க ரத்தச் சிவப்பு. வருஷம் என்கிற பேச்சே இல்லை. மாதக் கணக்கில் வந்தது.

"போதும், மூடுங்க" என்றேன்.

தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

பழனியாண்டியை எடைமேடைக்கு மாற்றிவிடுங்கள் என்று இவரிடம் கேட்டேன். எடைமேடை கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டு, மின்விசிறி. லாரி வந்து நின்றால் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

"மாத்தலாம். முக்குல யாரைப் போடுறது? அவனை மாதிரி பழகின ஆளு இன்னொருத்தன் கெடையாது."

"அவன் ஒருத்தன்தான் அங்க நின்னு சாகணுமா?"

"சாவான்னு யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நான் எப்படியும் சாப்பிடுவதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

சமயபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். கூட்டமான கூட்டம். கண்ணை மூடினால் அம்மாள் முகம் வரவில்லை. அந்தப் புள்ளிதான் வந்தது.

பிரகாரத்தில் காண்ட்ராக்டர் துரைக்கண்ணு பூத்தட்டோடு நின்றிருந்தார். கொடி ஆள், கூட்டுகிற ஆள் எல்லாரும் அவர் ஆட்கள்தான். "அக்கா, சார் வரலியா?" என்று அவராகத்தான் பேச்சுக் கொடுத்தார். தம்பி விஷயத்தைச் சொன்னேன். "இதென்னக்கா பெரிய விஷயம், நாளைக்கே மாத்திருவோம்" என்றார். கூட்டம் தள்ளியது. நகர்ந்துகொண்டே ஏதோ கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாவிளக்குப் போட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

பழனியாண்டி வந்தான். சட்டையில் சிமெண்ட் இல்லாமல் அவனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"சும்மா உக்காந்து சீட்டுக் கிழிக்கிறேங்க்கா. காலே மரத்துப் போவுது. காசிக்காதான் ஓட்டித் தள்ளுது. 'பெரிய ஆபீசராயிட்டடா, இனிமே எனக்கு எவன்டா கொடி காட்டுவான்'ங்குது."

"யாராச்சும் காட்டுவாங்க" என்றேன்.

யார் மாற்றச் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. மாமா வேலை என்று நினைத்துக்கொண்டான் போல. அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

இலக்கியாவுக்கு இன்று கடைசிப் பரீட்சை. காசியம்மாள் அதற்குப் பேனா வாங்கிப் பூஜையில் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 23, சனி

இவர் கேட்டார். "பழனி எப்படி எடைமேடையில நிக்கிறான்?"

"அவனாக் கேட்டிருப்பான்."

உடனே போன் போட்டார். "ஆள் போட்டாச்சு சார்" என்று துரைக்கண்ணு சொன்னது எனக்கே கேட்டது. அப்புறமும் நிம்மதி இல்லாமல் லேப்டாப்பில் யார்டு கேமராவைத் திறந்து பார்த்தார். தூரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட், பச்சைக் கொடி.

"நிக்கிறான்" என்று மூடிவிட்டார்.

மார்ச் 25, திங்கள். பங்குனி உத்திரம்

இரண்டு வரிசை ஏற்பாடு பிரமாதமாக ஓடுகிறதாம். மெயின் ரோட்டில் ஒரு லாரி கூட நிற்கவில்லை. பெரிய மேனேஜர் இவர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். வாசனை வந்தபோது பசித்தது.

மார்ச் 27, புதன்

மத்தியானம் நேரமில்லாத நேரத்தில் ஃபேக்டரி சங்கு ஊதியது.

எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து "தண்ணித்தொட்டி முக்குலயாம்" என்றாள். பூஜையறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அவன் அங்கே இல்லையே என்று.

போன் வந்தது. "அக்கா" என்றான். பழனியாண்டி குரல்தான்.

"ஆத்தா, காப்பாத்திட்டே" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகிறான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் காதில் ஏறியது.

"காசிக்கா" என்றான்.

மார்ச் 28, வியாழன்

இவருக்கு ரசம் சாதம். தொடவில்லை. எனக்கு இளநீர்.

மார்ச் 29, வெள்ளி

நேற்று அடக்கம். மூடித்தான் கொண்டுவந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். யாரோ இமைமயிரைக் கூட நன்றாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். கறுப்பாக இருந்தது.

இன்று இலக்கியாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். நீங்களும் குடியுங்கள் என்றது. விரதம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா சொல்லுச்சு பெரியம்மா. எனக்கும் சேத்து அக்கா பட்டினி கெடக்குதுன்னு. இன்னும் விடாம இருக்கீங்களே, எங்கம்மாவுக்காக."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

பழனியாண்டி வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, உள்ளபடி சொல்லு. என்னை மாத்தச் சொன்னது மாமாவா, நீயா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெனச்சேன்" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். அவனுக்குப் பதில் அங்கே யாரையும் போடவில்லை. வருஷக் கடைசி, ஏற்றி இறக்கவே ஆள் இல்லை. தார் டிரம்மில் ஒரு கம்பை நட்டு, அவனுடைய பழைய ஜாக்கெட்டை மாட்டி, மேலே தொப்பியைக் கவிழ்த்து, பக்கத்தில் கொடியைச் சொருகி வைத்துவிட்டார்கள். கேமராவில் பார்க்கிறவர்களுக்கு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். சிவப்பைச் சொருகினால் லாரி நின்றுவிடும் என்று பச்சையைச் சொருகியிருக்கிறார்கள்.

"காசிக்கா லாரியப் பாக்காதுக்கா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. நான் எவ்வளவோ திட்டியிருக்கேன். 'நீ இருக்கீல்ல, நான் எதுக்குடா பாக்கணும்'னு சொல்லும். கண்ணுல எந்நேரமும் சிமெண்ட் தூசி. அதுக்கு என் ஜாக்கெட்டும் கொடியும்தான் தெரியும். அன்னிக்கும் அதத்தான் பாத்திருக்கு. பச்சை."

"நான் உன் உயிருக்காகத்தானே..."

"என்னைக் கேட்டியா நீ?"

இத்தனை சத்தமாக அவன் என்னிடம் பேசியதில்லை. தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கோயிலுக்குப் போகவில்லை.

சாயங்காலம் இவர் வந்து நேராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திறக்கவில்லை. மூடின லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரைக்கண்ணுகிட்ட இன்னிக்கு நெருக்கிப் புடிச்சேன். ஆள் போடாம எப்படிய்யா விட்டேன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'மேடம்கிட்ட கோயில்லயே கேட்டேனே சார். முக்குல உடனே ஆள் போட முடியாது, சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரேன்னு கேட்டேன். தலையாட்டுனாங்க. சாருக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு விட்டுட்டேன். போன்லயும் ஒப்புக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்'ங்கிறான்."

கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்றேன்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கூட்டம் என்றால் பிரகாரத்தில் நல்ல கூட்டம். மேளச் சத்தம் வேறு.

ஏப்ரல் 4, வியாழன்

பழனியாண்டியிடம் ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவன் முக்கில்தான் நின்றான், சிவப்புக் கொடி காட்டினான், அந்தப் பெண் மதிக்காமல் குறுக்கே போனாள் என்று. உனக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். "செத்த மனுசி மேல பழிபோடச் சொல்றானுவ" என்று பேப்பரைத் திருப்பி வீசிவிட்டானாம். எல்லாம் இவர் சொல்லித்தான் தெரியும். அவன் என் போனை எடுப்பதில்லை.

திங்கட்கிழமை அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். இவரும் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடி ஆள் இருந்தான் என்று எழுதினால், எட்டு வருஷத்துக்கு ஒன்று என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அந்த ஒன்று வந்துவிட்டது, யார் மேலும் தப்பில்லை, காசியம்மாள் மேல்தான் தப்பு. ஆள் இல்லை என்று எழுதினால், ஏன் இல்லை, யார் மாற்றச் சொன்னது என்று வரும்.

"ஏன் இன்னும் எழுதல?" என்றேன்.

"உன் பேரு வரும் மங்கை."

கொத்தவரங்காய் ஆய்ந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

பழனியாண்டி முக்குக்கே திரும்பப் போய்விட்டான். அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். அந்த டிரம்மை அவனே உருட்டிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டானாம். இரண்டு வரிசையை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு ஒரு ஆறுதல் தோன்றியது. இவரிடம் சொன்னேன். "எட்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னீங்களே. அந்த ஒண்ணு போயிருச்சு. இனிமே எட்டு வருஷத்துக்குப் பயமில்லதானே? பழனிக்கு ஒண்ணும் வராதுதானே?"

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"அது பலி வாங்கிட்டு அடங்குற சாமி இல்ல மங்கை. முடிஞ்சதுன்னு கோடு போட உன் கணக்கு நோட்டும் இல்ல. நடந்தது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு நாளும் புதுசா உருட்டும். நாளைக்கும் வரலாம்."

"அப்ப காசியம்மா போனது?"

"எதுலயும் கழியாது."

வெகுநேரம் பூஜையறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் என் தம்பியைக் காப்பாற்று என்றுதான் கேட்டிருக்கிறேன். ஒருத்தரைக் காப்பாற்று என்றால் இன்னொருத்தரை எடுத்துக்கொள் என்று அர்த்தமா என்று யோசித்ததில்லை. யோசிக்கவில்லை என்று எழுதுவதும் சரியில்லை. அந்தப் புள்ளியை அழித்து ஓட்டச் சொன்னவளே நான்தான். திரை சிவந்ததைப் பார்த்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்றோடு பச்சைப் பட்டினி முடிகிறது. அம்மாளுக்குத் தளிகை போட்டிருப்பார்கள். நான் சாதம் வடித்து, பருப்பு வைத்து, இலை போட்டு உட்கார்ந்தேன். ஒரு பிடி உள்ளே போனது. இலையை மடக்கிவிட்டேன்.

இலக்கியா வீட்டுக்குப் போனேன். உனக்கு அம்மா இல்லாமல் போனதற்கு இன்னார் காரணம் என்று சொல்லத்தான் போனேன். அது தைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுடைய சீலையைப் பாவாடையாக்குகிறது. "ஃபேக்டரியில அம்மா மேலதான் தப்புன்னு எழுதப்போறாங்களாமே பெரியம்மா. அம்மா கொடி பாக்காம தாண்டவே தாண்டாது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நாளைக்கு நானும் வருகிறேன் என்று. வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை. சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

சொல்லிவிட்டேன். சமயபுரத்தில் துரைக்கண்ணு கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது என்பதையும் சேர்த்து. ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்க யாரும்மா? இந்த அறிக்கையில எங்கயும் உங்க பேரு இல்லையே" என்றார். மங்கையர்க்கரசி என்றேன். எழுதிக்கொண்டார். இவர் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இவருக்கு இனி அந்த ஆபீசில் என்ன ஆகும் என்று தெரியாது.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

கேட்டில் ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள். பெரிதாக இருந்தது, கண் வரைக்கும் இறங்கிற்று. ஆய்வாளர் இருந்த அறைக்குப் போக முக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். திரையில் பார்த்த இடம்தான். ஆனால் இத்தனை சத்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வாயெல்லாம் சிமெண்ட். தொட்டியடியில் ஒரு இடத்தில் மட்டும் தரையைப் புதிதாகக் கழுவியிருந்தார்கள்.

பழனியாண்டி நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. சிவப்புக் கொடியைக் குறுக்கே நீட்டினான்.

நின்றேன்.

ஒரு லாரி பின்பக்கமாக வந்து என் முன்னால் திரும்பிப் போனது. அது போன பிறகும் கொடியை எடுக்கவில்லை. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. வேறு யாருக்கு எவ்வளவு நேரம் பிடிப்பானோ அவ்வளவு நேரம்தான் எனக்கும் பிடித்தான்.

அப்புறம் பச்சை காட்டினான்.

நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டினேன்.